ஊதா நிறம் கண்ட குளிர்காலம்

என் வாழ்நாளில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த வாரம் ஓர் ஆறு வயதுப் பையனின் மூத்திரத்தால் வந்தது. இதை நாசூக்காகச் சொல்ல வழி தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கம். மாண்ட்ரியலில் சாலையோரப் பனி இடுப்பளவு குவிந்து கிடந்த தை மாதம். டவுன்டவுனில் ஒரு மருத்துவமனையின் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் உயிர்வேதியியல் ஆராய்ச்சியாளனாக இருந்தேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து முனைவர் பட்டம் வாங்கியிருந்த திமிர் இன்னும் உடம்பில் சூடாக இருந்தது. மனித மூளையின் ரகசியம் என் மேஜையின் இடதுபக்க இழுப்பறையில்தான் இருக்கிறது, சாவியைத் தேடி எடுக்க வேண்டியது மட்டுமே பாக்கி என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் துரத்திக்கொண்டிருந்த பொருளின் பெயர் செரோடோனின். இப்போது பேரப்பிள்ளைகள்கூட அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அன்று அந்தப் பெயரைச் சொன்னால் புதிய சலவைத்தூள் என்று நினைப்பார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிலரின் ரத்தத்தில் செரோடோனின் மற்றவர்களைவிட அதிகமாக இருப்பதைச் சில ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தார்கள். எல்லோருக்கும் அல்ல, ஒரு பங்கினருக்கு மட்டும். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த 'ஏன்' என்னைத் தூங்கவிடவில்லை.

நான் யாரைப் பிடித்தாலும் இப்படித்தான் விளக்குவேன்: மூளை மாண்ட்ரியல் மாதிரி ஒரு தீவு. உடம்பின் செரோடோனினில் பெரும்பகுதி தீவுக்கு வெளியே, குடலில் தயாராகிறது. ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்கள் என்னும் துணுக்குகள் பஸ்கள் மாதிரி. குடலில் ஏறும் செரோடோனினை அள்ளி உள்ளே போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றும். ஆனால் தீவுக்கான பாலத்தில் அதை விடமாட்டார்கள். பாலம் தாண்டிப் போக அனுமதி இருப்பது மூலப்பொருளுக்கு மட்டும். நாம் சாப்பிடும் புரதத்திலிருந்து வரும் டிரிப்டோபானுக்கு. தீவு அதை வாங்கித் தனக்கு வேண்டிய செரோடோனினைத் தானே தயாரித்துக்கொள்ளும். ஆகவே பஸ்ஸில் கூட்டம் அதிகம் என்பதால் தீவுக்குள்ளும் கூட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு இடத்திலும் ஏதோ ஒரே இயந்திரம் கோளாறாக இருந்தால்? இந்த இடத்தில் என் குரல் உயரும். என் மனைவி எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பாள்.

"பஸ்ஸு, பாலம்னு சொல்றீங்களே, அந்தப் பஸ் நம்ம நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம் வருமா? நேத்து முக்கா மணி நேரம் பனில நின்னேன்" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

அந்தப் பையனின் பெற்றோர் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு வாடகை அடுக்ககத்தில் இருந்தார்கள். அவர் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பொறியாளர்; மதுரைப் பக்கம். என்னைவிட இளையவர் என்பதால் நான் தம்பி என்பேன், கணவன் மனைவி இருவருமே என்னை அண்ணே என்பார்கள். அந்நாளில் தமிழ்க் குடும்பங்கள் ஒரு கூடத்தில் அடங்கும் அளவுக்குத்தான் இருந்தோம். அந்தக் கூடம் பெரும்பாலும் எங்கள் வீட்டுக் கூடம்.

பையன் அழகன். பேசமாட்டான். யாரையும் நேரே பார்க்கமாட்டான். எவர்சில்வர் டப்பா மூடியைத் தரையில் சுழலவிட்டு, அது தள்ளாடி விழும்வரை கன்னத்தைத் தரையோடு ஒட்டிவைத்துப் பார்ப்பான். விழுந்ததும் கைகளைப் படபடவென்று அடித்துக்கொண்டு சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகவே நான் மூடி சுற்றியிருக்கிறேன். தயிர்சாதம், தீய்ந்த டோஸ்ட் ரொட்டி, இவை தவிர எதையும் வாயில் வைக்கமாட்டான். யார் கையிலிருந்தும் எதையும் வாங்கமாட்டான்.

அவனைப் பார்த்த மனநல மருத்துவர், தாயிடம் பாசத்தின் வெதுவெதுப்பு போதவில்லை, அதனால்தான் குழந்தை உள்ளே ஒடுங்கிக்கொண்டது என்று சொல்லியிருந்தார். அவர் கொடியவர் அல்ல. அந்தக் காலத்தில் அந்தத் துறையில் பலர் அப்படித்தான் நம்பினார்கள். இவனை விரும்பித்தான் பெற்றீர்களா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து அவள் பையனைத் துரத்தித் துரத்திக் கட்டிக்கொண்டாள். தொட்டால் அவனுக்குப் பிடிக்காது, அலறுவான். அவன் அலறினால் தன் பாசம் இன்னும் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு மறுபடி கட்டிக்கொள்வாள்.

"நான் கொஞ்சாமயா இருந்தேன்? கொஞ்சவிட்டாத்தானே?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டாள். "எங்கிட்டதான் ஏதோ இல்லையாம்ணே. அது என்னன்னு சொன்னா கடைல வாங்கிட்டு வந்துரலாம். அதையும் சொல்ல மாட்டேங்கறாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு அது தாளவில்லை. எங்கள் ஆய்வில் பையனைச் சேர்த்தேன்.

ரத்தம் எடுக்க அவன் விடவில்லை. ஊசியைப் பார்த்ததும் அவன் போட்ட அலறலில் அந்தத் தளத்தில் இருந்த அத்தனை கதவுகளும் திறந்தன. சரி, முதலில் மூத்திரத்தைப் பார்ப்போம் என்றார் எங்கள் ஆய்வகத் தலைவி. தலை நரைத்த, அதிகம் பேசாத வேதியியலாளர் அவர். செரோடோனின் வேலை முடிந்து சிதைந்தால் ஓர் அமிலமாக மாறி மூத்திரத்தில் வெளியேறும். ஒரு முழுநாள் மூத்திரத்தைச் சேர்த்து, சில ரசாயனங்களைக் கலந்தால், அந்த அமிலம் அதிகம் இருக்கும்போது குழாயில் ஊதா நிறம் வரும். வராவிட்டால் வெளிறிய மஞ்சள். இவ்வளவுதான் வித்தை. அளவு பிறகு கருவியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. சில உணவுகளில் செரோடோனின் தயாராகவே இருக்கிறது. அவற்றைச் சாப்பிட்டால் பொய்யாக ஊதா வரும். அதிலும் முதல் குற்றவாளி வாழைப்பழம். அதைச் சொல்ல நானே சென்ட் லோரன்ட்டுக்குப் போனேன்.

"மூணு நாளைக்கு வாழைப்பழம் கூடாது. அன்னாசி, வால்நட், தக்காளி எதுவும் கூடாது."

"தக்காளி இல்லாம ரசம் எப்படிண்ணே?"

"உங்க பையன் என்னைக்கு ரசம் சாப்பிட்டான்?"

"அவன் சாப்பிடலன்னா? அவன் இருக்கற வீட்டுலயே இருக்கக் கூடாது. வாசம் பட்டுட்டா?" என்றாள். சாமி படத்தின் முன்னால் இருந்த வாழைப்பழங்களை அப்போதே எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டுப் பிரெஞ்சுக்காரப் பெண்மணியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல் மெர்சி மெர்சி என்று நன்றி சொன்னது எங்களுக்குக் கேட்டது.

நான் கொண்டுபோன பெரிய பழுப்புக் குடுவையைத் தம்பி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஃப்ரிட்ஜ்ல வெக்கணும்ங்கறீங்க. எங்கண்ணே வெக்கறது?"

"மோர்க்குழம்புக்குப் பக்கத்துல வெக்காத தம்பி. அது போதும்."

சனிக்கிழமை எங்கள் வீட்டில் தைப்பூசம். உண்மையான தைப்பூசம் வாரநாளில் வந்துவிட்டது. அதைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்க முருகன் எப்போதும் சம்மதிப்பார். தம்பி குடும்பம் எங்களோடு கும்பிட்டுவிட்டு இரவு வீடு திரும்பியதும் குடுவையை ஆரம்பிப்பது, ஞாயிறு முழுக்கத் தம்பி வீட்டில் இருப்பதால் சுலபம் என்று நான்தான் ஏற்பாடு செய்தேன்.

என் மனைவி பஞ்சாமிர்தம் செய்திருந்தாள். பேரீச்சை, உலர் திராட்சை, நெய். வெல்லம் கிடைக்காததால் பழுப்புச் சர்க்கரை. நல்ல தேன் கிடைக்காததால் மேப்பிள் பாகு. "முருகனுக்கு இதெல்லாம் ஒத்துக்குமா?" என்று கேட்டேன். "ஆறு மொகத்துல ஒரு மொகத்துக்காவது பிடிக்காமயா போகும்" என்றாள்.

எங்கள் வீட்டில் பூஜை முடிந்தால் பிரசாதம் கொடுப்பது என் வேலை. வரிசையாக ஒவ்வொரு கையிலும் ஒரு கரண்டி. பையன் மேஜைக்கடியில் தட்டு சுழற்றிக்கொண்டிருந்தான். வாங்கமாட்டான் என்று தெரிந்தும், விட்டுவிடக் கூடாதே என்று குனிந்து கரண்டியை நீட்டினேன். அவன் முகர்ந்தான். வாயைத் திறந்தான்.

கூடமே திரும்பிப் பார்த்தது. அவன் விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தான். நான் மறுபடி கொடுத்தேன். மறுபடி. யார் கையிலிருந்தும் வாங்காத பிள்ளை என் கையிலிருந்து வாங்குகிறான். தலைமுதல் கால்வரை எனக்குப் புல்லரித்தது. மேஜைக்கடியில் சம்மணமிட்டு உட்கார்ந்து கிண்ணம் காலியாகும்வரை ஊட்டினேன். சிலர் முருகா என்றார்கள். அவன் அம்மா சுவரில் சாய்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் நின்றாள்.

வாழைப்பழத்தில் ஒரு கிராமுக்கு எவ்வளவு செரோடோனின் என்பதை உறக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவன் நான். அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் அதை அறிந்தவன் நான் ஒருவனே. பஞ்சாமிர்தம் என்பது பெரும்பாலும் மசித்த வாழைப்பழம். இந்த இரண்டும் என் தலைக்குள் சந்திக்கவே இல்லை. பிரசாதம் எங்களுக்குச் சாப்பாட்டுக் கணக்கில் வராது. விரதம் இருப்பவர் பிரசாதம் வாங்கிக்கொண்டு விரதம் கலையவில்லை என்பார். சர்க்கரை நோய்க்காரர் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு இன்று இனிப்பே தொடவில்லை என்பார். நானும் அந்த ஜாதிதான். அதைத் தந்தவர் முருகன். அதில் வேதியியல் எங்கிருந்து வரும்?

திங்கட்கிழமை தம்பி மளிகைக் கடைக் காகிதப் பையில் குடுவையைப் பொதிந்து, குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலும் மெட்ரோவிலும் வந்தார். பக்கத்தில் இருந்த கிழவர் ஆப்பிள் சாறா என்று கேட்டாராம். ஆமாம், வீட்டில் செய்தது என்று சொன்னாராம்.

மாலைக்குள் ரசாயனங்களைச் சேர்த்தேன். குழாயை ஆட்டி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன்.

ஊதா. நாவல்பழச் சாறு மாதிரி, கத்திரிக்காய்த் தோல் மாதிரி, கல்யாணப் பட்டு மாதிரி ஊதா. அந்த ஆய்வில் அதுவரை அப்படி ஒரு நிறத்தை நாங்கள் பார்த்ததில்லை. நான் அந்தக் குழாயோடு ஆய்வகத்தைச் சுற்றி ஒரு நடை போட்டேன். அதை நடை என்று சொல்ல முடியாது. வெள்ளை அங்கி பறக்க, மேஜைகளுக்கு நடுவே, தலைக்கு மேலே குழாயைப் பிடித்துக்கொண்டு ஆடினேன். கால் ஊன்றிய இடமெல்லாம் ஸ்பிரிங் வைத்தமாதிரி இருந்தது. தலைவி தன் அறையிலிருந்து எட்டிப்பார்த்தார். குழாயைப் பார்த்தார். புருவம் லேசாக உயர்ந்தது.

"திரும்பச் செய். புதிய மாதிரி எடுத்து" என்றார். கதவை மூடிக்கொண்டார்.

எங்கள் ஆய்வகத்தின் முதல் சட்டம் அது. ஒருமுறை வந்த முடிவு முடிவல்ல. திரும்பச் செய்து உறுதியாகும்வரை குடும்பத்துக்குச் சொல்லக் கூடாது. நானே புதிதாக வருபவர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்வேன். அன்று மாலை கோட்டுப் பொத்தான்கூடப் போடாமல் மெட்ரோவுக்கு ஓடினேன். பிறகு பஸ்ஸில் நின்றுகொண்டே சென்ட் லோரன்ட்டுக்குப் போனேன். நிற்கத்தான் முடிந்தது, உட்கார்ந்தால் பஸ் மெதுவாகப் போகிறதுபோல் இருந்தது.

கதவைத் திறந்ததும் சொல்லிவிட்டேன். பஸ், தீவு, பாலம், இயந்திரம், ஊதா எல்லாவற்றையும் கோட்டைக் கழற்றாமலேயே சொன்னேன். என் பூட்ஸிலிருந்து பனி உருகி அவர்கள் கம்பளத்தில் குளமானது.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப என்னால இல்லையாண்ணே?"

"உங்களால இல்லம்மா. இது ரசாயனம். அவன் உடம்பே அப்படி."

"கொஞ்சாததால இல்லை?"

"கொஞ்சினாலும் கொஞ்சாட்டியும் செரோடோனினுக்குக் காது கேக்காது."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். தோள் குலுங்க, மூச்சு வாங்க, இத்தனை நாள் யாரோ விரலால் அழுத்திப் பிடித்திருந்த குழாய் திறந்துகொண்டதுபோல். தம்பிக்கும் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. பையன் எங்களைப் பார்க்காமல், ஆனால் எங்கள் பக்கம் திரும்பி, கைகளைப் படபடவென்று அடித்தான். பிறகு அவள் எழுந்து வடைக்கு ஊறப்போட்டாள். திங்கட்கிழமை ராத்திரி வடை. தம்பி, "நாளைக்கு வேலைக்குப் போகணும்டி" என்றார். "போங்க, யாரு வேணாம்னா?" என்றாள்.

அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. அவள் எல்லாத் தமிழ் வீடுகளுக்கும் போன் செய்து, என் பிள்ளைக்கு ரத்தத்தில் ஒரு சத்து அதிகமாம், அவ்வளவுதான் என்று சொன்னாள். பையனைத் துரத்திக் கட்டிக்கொள்வதை நிறுத்தினாள். அவன் பக்கத்தில் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, அவன் பார்க்கும் மூடியைத் தானும் பார்க்க ஆரம்பித்தாள். தம்பிதான் இதைச் சொன்னார். மனநல மருத்துவரிடம் அடுத்த முறை போனபோது அவள் நல்ல பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பனி பூட்ஸோடு போய், அவர் கேட்பதற்கு முன்பே சொன்னாளாம்: காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள், அது நான் இல்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. "இது ஊர்ஜிதமானா நோபல் பரிசு வாங்க நாம ஸ்டாக்ஹோம் போக வேண்டியிருக்கும்" என்று மனைவியிடம் சொன்னேன்.

"அங்க குளிருமா?"

"மாண்ட்ரியல்ல உக்காந்துக்கிட்டு இதக் கேக்குறியா?"

"அப்ப பட்டுமேல கோட்டு போட்டு மூடணும். எதுக்கு வீணா? நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்றாள்.

இரண்டாவது குடுவை வந்தது. ரசாயனங்களைச் சேர்த்தேன். வெளிறிய மஞ்சள். ரசாயனம் பழையதாகிவிட்டது என்று புதிதாகக் கலந்தேன். வெளிறிய மஞ்சள். என் மூத்திரத்தையே வைத்துப் பார்த்தேன். அவனுடையதும் என்னுடையதும் பக்கத்துப் பக்கத்தில் அண்ணன் தம்பிபோல் ஒரே மஞ்சளாக நின்றன.

தலைவி பெற்றோரை வரச்சொன்னார். அவருடைய அறையில் நாங்கள் நால்வர். அவள் அந்தப் பட்டுப்புடவையைத்தான் கட்டியிருந்தாள். நல்ல செய்தி உறுதியாகப்போகிறது என்று நினைத்து வந்திருந்தாள். முதல் மாதிரி பொய் காட்டியிருக்கிறது, வாழைப்பழம் எதுவும் சாப்பிட்டானா என்று கேள் என்று தலைவி என்னிடம் சொன்னார்.

நான் தமிழில் கேட்டேன். "வாழைப்பழம் ஏதாவது குடுத்தீங்களாம்மா?"

"சத்தியமா இல்லண்ணே. வீட்டுலயே இல்ல. உங்க முன்னாடிதானே கொண்டுபோய்க் குடுத்தேன்." பிறகு அவள் முகத்தில் ஏதோ வந்தது. என்னைப் பார்த்தாள். "பிரசாதம் மட்டும்தான்..."

அப்போதுதான் எனக்கு மேஜைக்கடி ஞாபகம் வந்தது. கரண்டி, கிண்ணம், என் கை. காது இரண்டும் தீயாகச் சுட்டன.

"என்ன சொல்கிறார்?" என்றார் தலைவி.

ஒரு வாக்கியம் போதும். நான்தான் ஊட்டினேன் என்று சொன்னால் முடிந்தது. என்ன ஆகியிருக்கும்? தலைவி முறைத்திருப்பார். ஒருவேளை சிரித்திருப்பார். ஆனால் முடிவை முன்கூட்டியே சொன்னவனும் நான், முடிவைக் கெடுத்தவனும் நான் என்று ஒரே நாளில் தெரிவதை என் முனைவர் பட்டம் தாங்கவில்லை.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "ஒரு மத விழாவில் குழந்தை வாழைப்பழம் கலந்த ஒன்றைச் சாப்பிட்டிருக்கிறான். அதைச் சொல்ல வேண்டும் என்று தாய்க்குத் தோன்றவில்லை."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும், தயக்கத்தால்தான் பேசமாட்டாள். அவள் என்னையே பார்த்தாள். நான் தலைவியின் மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்தேன். வெள்ளைக்காரர் முன்னால் அண்ணனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, எனக்குத் தோணல. சாரி" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"பரவாயில்லை, தாய்மார்கள் மறப்பது சகஜம்" என்றார் தலைவி, கனிவாகத்தான்.

தைப்பூசத்தன்று பையன் சாப்பிட்டதைத் தம்பி பார்க்கவில்லை. தாமதமாக வந்த யாரையோ கூட்டிவரக் கீழே போயிருந்தார். மின்தூக்கியில் இறங்கும்போது, "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லம்மா. அண்ணன் எவ்வளவு பாடுபட்டாரு" என்று மனைவியிடம் சொன்னார். அவள் பட்டுப்புடவைத் தலைப்பைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டாள். அவர்களோடு வாசல்வரை போனேன். வழியில் மெட்ரோ கூட்டத்தைப் பற்றியும் குளிரைப் பற்றியும் நிறையப் பேசினேன். இன்று நினைத்தால் அந்தப் பேச்சுக்காகத்தான் அதிகம் கூசுகிறது.

சில நாள் கழித்து என் மனைவி சென்ட் லோரன்ட் போய்விட்டு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அவ மறுபடி அந்தப் புள்ளைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அவன் கத்துறான். டாக்டர் சொன்னதுதான் சரியாம். ஒரு பழத்தக்கூட ஞாபகம் வெச்சுக்க முடியாதவ எப்படிப் புள்ள வளப்பேங்கறா."

நான் கையிலிருந்த ஆய்விதழின் பக்கத்தைப் புரட்டினேன்.

"பஞ்சாமிர்தம் செஞ்சது நானு. ஊட்டுனது யாரு?"

"சொல்றேன். நேர்ல போய்ச் சொல்றேன்."

"எப்ப?"

இந்த ஞாயிறு என்றேன். அந்த ஞாயிறு பனிப்புயல். அடுத்த ஞாயிறு ஒரு கட்டுரை. இப்படிப் பனி உருகியது. தம்பியின் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்து, அவருக்கு மேற்கே இரண்டு நாள் பயணத் தொலைவில் இருந்த வின்னிபெக்கில் வேலை கிடைத்தது. பையனின் ரத்தத்தை நாங்கள் பார்க்கவே இல்லை. அவனுடைய தட்டணுக்களில் உண்மையில் என்ன இருந்தது என்பது எனக்கு இன்றும் தெரியாது. செரோடோனினை உள்ளே இழுத்துக்கொள்ளும் வாசல் தட்டணுவிலும் நரம்பு செல்லிலும் ஒன்றேதான் என்று பிற்காலத்தில் விளங்கியது. ஆட்டிசக் குழந்தைகளில் ஒரு பங்கினரின் ரத்தத்தில் அது அதிகம் என்பதும் திரும்பத் திரும்ப உறுதியானது. ஏன் என்பது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. நான் ஓய்வுபெறும்வரை அதில்தான் வேலை பார்த்தேன்.

அந்தக் காலத்தில் மே முதல் நாள் மாண்ட்ரியல் முழுக்க வீடு மாறும். வாடகை ஒப்பந்தங்கள் எல்லாம் ஏப்ரலோடு முடிவதால், ஊரே ஒரே நாளில் ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடும். வளைந்த வெளிப்படிக்கட்டுகளில் மெத்தைகள் இறங்கும், நடுப்படியில் சோபா சிக்கிக்கொள்ளும், பிரெஞ்சில் வசவு பறக்கும், பீர் புட்டிகள் கைமாறும். திருவிழாதான். தம்பி குடும்பமும் அன்றுதான் கிளம்பியது. நானும் மனைவியும் உதவிக்குப் போனோம். எதிர்வீட்டுப் பெண்மணி ஒரு கேக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அழுதாள். தம்பி இந்தப் பயணத்துக்காக வாங்கிய பழைய காரின் கூரையில் கட்டில் சட்டத்தைக் கட்டிக்கொண்டே, "அண்ணே, இது வின்னிபெக் வரைக்கும் தாங்குமா, இல்ல டொராண்டோலயே எறங்கிக்குமா?" என்று கேட்டார். வெயில் அடித்தது. எல்லோரும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பையன் காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அவள் கதவருகே ஒரு பையில் தண்ணீரும் தயிர்சாதமும் எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். என் மனைவி என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். தள்ளினாள் என்றால் தள்ளியேவிட்டாள்.

"அம்மா, அன்னைக்கு ஆஃபீஸ்ல... உங்க மேல தப்பில்ல. நான்தான் ஊட்டினேன். உங்களச் சொல்லியிருக்கக் கூடாது."

"தெரியும்ணே" என்றாள். பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த ஊதா இரவில் கேட்ட அதே குரல்.

"எதுக்குண்ணே தப்பில்லங்கறீங்க? பழத்துக்கா, பையனுக்கா?"

நான் யோசித்தேன். யோசிக்க என்ன இருந்தது? அவள் மூன்று நாள் வீட்டில் வாழைப்பழ வாசம்கூட இருக்கக் கூடாது என்று நின்றவள். அவன் பார்க்கும் மூடியைத் தானும் பார்க்கத் தரையில் படுத்தவள். அவளிடம் பாசம் போதவில்லை என்பதை மறுக்க எனக்கு எந்தக் குழாயும் தேவையில்லை, கண்ணே போதும். ஆனால் முன்பு ஒருமுறை ஆதாரமில்லாமல் பேசிச் சூடுபட்டவன் நான். இனி நிரூபிக்காத எதையும் அந்தக் குடும்பத்திடம் சொல்வதில்லை என்று எனக்குள் தீர்மானம் செய்திருந்தேன். அதை நேர்மை என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பழத்துக்கு" என்றேன். "பையன் விஷயத்துல இன்னும் ஒண்ணும் உறுதியாத் தெரியலம்மா."

அவள் தலையசைத்தாள். ஒரு நல்ல மாணவி பதிலைக் குறித்துக்கொள்வதுபோல் நிதானமாக. "சரிண்ணே. அண்ணியப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் பின்சீட்டில் ஏறி, பையனை இழுத்து மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள். அவன் அலற ஆரம்பித்தான். தம்பி கையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார். தெருவில் எல்லோரும் சோபா தூக்கிக்கொண்டு சத்தம் போட்டுக்கொண்டிருந்ததால், திருப்பம் வரைதான் அவன் குரல் எங்களுக்குக் கேட்டது.